31.12 அன்று நான் மறைவது தொடர்பாக

கொடைக்கானல்,
ஞாயிறு, 23.11.2025

மரியாதைக்குரிய மச்சான் நாகூர் கனி அவர்களுக்கு, மைத்துனன் முத்து முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் இங்கே நானும் ரஹ்மத்தும் மகள் ஷைமாவும் சுகம். அங்கே நீங்களும் சர்புன்னிசா அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், மச்சான். இந்தத் தடவை அது மரியாதைக்காக எழுதியது இல்லை. நான் சுகம். எனக்கு ஈரல் இருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இருபத்திரண்டு பேர் வேன் பிடித்து என்னைக் கடைசியாகப் பார்க்க வருவதாக இருக்கிற ஏற்பாட்டைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நேற்று மட்டும் நான்கு தடவை சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்று சொன்னால், "நம்ம அத்தாவும் கடைசி வரைக்கும் இப்படித்தாண்டா சொல்லிக்கிட்டு இருந்தாக" என்று அக்கா அழுகிறாள். நான் குரலை உயர்த்தினால் வலியில் கத்துகிறேன் என்கிறாள். அதனால்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, உங்கள் கடைக்குப் பூண்டு கொண்டுவரும் ஜீப்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அக்காவை எதிரில் உட்காரவைத்து நிறுத்தாமல் படித்துக் காட்டுங்கள். நடுவில் அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

இவ்வளவும் நான் படிக்கப் போனதால் வந்தது, மச்சான். ஐம்பத்தேழு வயதில் எவனாவது படிக்கப் போவானா? போனேன். காரணம் உங்களுக்குத் தெரியும். டிப்ளமா முடித்து வேலையில் சேர்ந்து இருபத்தேழு வருடமாக இந்த மலையில் குடிநீர்க் குழாயைக் கட்டிக்கொண்டு உதவிப் பொறியாளராகவே இருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் எனக்கு உத்தரவு போடுகிறார்கள். இந்த வருடம்தான் உதவி செயற்பொறியாளர் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக வந்தது. வந்த கையோடு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. குழாயும் மோட்டாரும் தெரிந்தால் மட்டும் போதாது, மேலே போகிற பொறியாளர்கள் நாற்பது மணி நேரம் மேலாண்மையும் லீடர்ஷிப்பும் படித்திருக்க வேண்டும், படித்ததை மூன்று வாரம் அலுவலகத்தில் செய்து காட்ட வேண்டும், அதன் பிறகு கீழே வேலை பார்க்கிற மூன்று பேர் அவருக்கு மூடிய உறையில் பத்துக்கு மார்க் போட வேண்டும், சராசரி ஆறுக்குக் குறைந்தால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும் என்று போட்டிருந்தார்கள். இதில் விட்டால் அடுத்த பட்டியல் வருவதற்குள் எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. இல்லை என்று சொன்னால் பொய்.

பயிற்சி நடந்தது ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில். ராமநாதபுரம், தூத்துக்குடியிலிருந்தெல்லாம் பொறியாளர்கள் குரங்குக் குல்லாவும் கம்பளியும் குடும்பமுமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்குச் சுற்றுலா. எனக்கு என் ஆபீஸைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் பயிற்சி. டீ குடிக்க வெளியே வந்தால் யாராவது பிடித்துக்கொண்டு, "சார், மழ கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, கொழாயில மட்டும் ஏன் சார் தண்ணி இல்ல?" என்று கேட்பார்கள். மண் சரிந்து குழாய் உடைந்திருக்கிறது என்று ஐந்து நாளும் எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போய் லீடர்ஷிப் படித்தேன். சொல்லிக்கொடுக்க வந்தவன் ராஜ்மோகன் என்று ஒரு பையன், முப்பது முப்பத்தொன்று இருக்கும், கோயம்புத்தூர்க்காரன். வாழ்நாளில் ஒரு நட்டைத் திருகியிருக்க மாட்டான். ஆனால் நல்ல பையன், எல்லாரையும் சார் சார் என்றான்.

இரண்டாம் நாள் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, பழைய செய்தித்தாள் பத்தும் ஒட்டுகிற டேப் ஒன்றும் கொடுத்து, இருபது நிமிடத்தில் எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரமாகக் கோபுரம் கட்டச் சொன்னான். எங்கள் குழுவில் முதலில் யார் தலைமை என்ற கேள்வி வந்தது. பணியில் சேர்ந்த தேதியைப் பார்த்தோம். இரண்டு பேர் ஒரே நாளில் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் முற்பகல், ஒருவர் பிற்பகல் என்று கண்டுபிடித்துத் தீர்ப்பதற்குள் ஏழு நிமிடம் போய்விட்டது. பிறகு மேசை எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்தோம். காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார் தூத்துக்குடிக்காரர். ஹாலில் ஃபேனே கிடையாதே என்றேன், ஜன்னல் இருக்கிறதல்லவா என்றார். பதினெட்டாம் நிமிடம் மதிப்பீடு தயாராகி, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். விசில் அடித்தபோது எங்களிடம் கோபுரம் இல்லை, கோப்பு இருந்தது. பக்கத்து மேசையில் நான்கு பெண் பொறியாளர்கள் யார் மூத்தவர் என்று கேட்டுக்கொள்ளாமலே ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை.

நான்காம் நாள், அதாவது அக்டோபர் முப்பதாம் தேதி, ராஜ்மோகன் விளக்கை அணைத்துவிட்டு, "எல்லாரும் கண்ண மூடிக்கங்க சார். இந்த வருஷக் கடைசியோட நீங்க உயிரோட இல்லன்னு வச்சுக்கங்க. உங்க கீழ வேல பாத்தவங்க உங்களப் பத்தி என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க? அத எழுதுங்க" என்றான். இதுவும் லீடர்ஷிப்பில் ஒரு பாடமாம், பெரிய பெரிய கம்பெனியில் எல்லாம் செய்கிறார்களாம். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ராமநாதபுரம்காரர் தான் எழுதியதைத் தானே படித்துத் தேம்பித் தேம்பி அழுதார். எனக்குப் பொருள், பார்வை போடாமல் ஒரு வரி எழுத வராது, மச்சான். இருபத்தேழு வருடப் பழக்கம். அதனால் இப்படி எழுதினேன்: "பொருள்: பணியமைப்பு – திரு. முத்து முகம்மது, உதவிப் பொறியாளர் – 31.12.2025 பிற்பகல் மறைவு – தெரிவித்தல் – தொடர்பாக. பார்வை: வாய்மொழி உத்தரவு, நாள் 30.10.2025. பார்வையில் கண்ட உத்தரவின்படி மேற்படி அலுவலர் மேற்படி நாளில் மறைகிறார் என்பதும், அன்னார் தம் கீழ்ப் பணியாளர்களிடம் அன்போடும் பொறுமையோடும் நடந்துகொண்டார் என்பதும் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது." கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே இடம் வெறுமையாக இருந்தது. வெறுமையாக விட மனசு வராமல், "நகல்: செயற்பொறியாளர், திண்டுக்கல்" என்று எழுதினேன்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்ப் பையிலிருந்த காகிதத்தை எல்லாம் எடுத்து மேசையின் வலது பக்கம் வைத்தேன். வலது பக்கம் வைத்தால் அனுப்ப வேண்டியது என்று அர்த்தம். எங்கள் கிளார்க் தமயந்தி பத்தொன்பது வருடமாக அப்படித்தான் எடுத்து, எண் போட்டு, உறையில் வைத்து, தபாலில் சேர்க்கிறது. முன்பு ஒரு தடவை அது ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்டபோது, "படிச்சுக்கிட்டு நிக்காத, அனுப்பு" என்று சத்தம் போட்டவன் நான்தான். அதனால் இதையும் அனுப்பிவிட்டது. ஆனால் அனுப்புவதற்கு முன்னால் படித்திருக்கிறது. வாய்மொழி உத்தரவு என்றால் டாக்டர் வாயால் சொன்னது என்று அதற்குப் பட்டிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே எண் போட்டதாகப் பிற்பாடு சொன்னது.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் அன்றைக்கே மூன்று வாரப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். தினமும் ஒவ்வொருவரையும் ஒரு விஷயத்துக்காவது பாராட்ட வேண்டும், மரியாதையாகப் பேச வேண்டும், அவர்கள் பேசினால் குறுக்கே விழாமல் பத்து நிமிடம் கேட்க வேண்டும், தான் இல்லாவிட்டால் தன் வேலையை யார் செய்வார் என்று ஆள் தயார் பண்ண வேண்டும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தமயந்தியைக் கூப்பிட்டு, "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்றேன். அது பழைய ஃபைல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ஃபிட்டர் ஞானவேலை இருபத்திரண்டு வருடமாக ஏலே என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு, "ஞானவேல், வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றேன். கையிலிருந்த ரெஞ்சைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டான். நொண்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து, "சார், நான் எதுவும் தப்புப் பண்ணிட்டனா? நாலு அடி வேணும்னாலும் அடிச்சிருங்க சார், இப்பிடிப் பேசாதீங்க" என்றான்.

அடுத்தது வால்வு. இந்த மலையில் எங்கள் குழாயில் பதினான்கு வால்வு எந்த வரைபடத்திலும் கிடையாது. பெருமாள்மலையில் ஒன்று டீக்கடைக்குப் பின்னால், பள்ளங்கியில் ஒன்று பூண்டுக் காட்டுக்குள் பாறைக்கு அடியில். எல்லாம் என் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. அதனால்தான் என்னை இங்கிருந்து யாரும் மாற்றவில்லை என்று ஒரு பேச்சு உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆள் தயார் பண்ண வேண்டுமே என்று ஞானவேலையும், பேத்துப்பாறையில் மோட்டார் ஓட்டுகிற வேலுத்தாயையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் மழையில் நடந்து பதினான்கையும் காட்டினேன். "நான் இல்லாட்டா இத யாரு பாப்பா? அதான் இப்பவே காட்டிடுறேன்" என்றேன். வேலுத்தாய் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. நடந்த களைப்பு என்று நினைத்து, "நல்லா நடக்குறீங்க" என்று அதற்கும் ஒரு பாராட்டைச் சொல்லிவைத்தேன்.

விஷயம் எனக்குத் தெரிந்தது இரண்டாவது வாரம், திண்டுக்கல்லிலிருந்து பதில் வந்தபோது. "பார்வையில் கண்ட தங்கள் கடிதத்தின் மீது தெரிவிக்கப்படுவதாவது, மேற்படி நிகழ்வுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பாகவே பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலைத் தவறாமல் அனுப்பிவைக்கவும்" என்று இருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை. எங்கள் துறையைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அதற்குள் ஞானவேல் பெருமாள்மலை டீக்கடையில் துக்கம் தாங்காமல் சொல்லியிருக்கிறான். அங்கே அது ரத்தக் கொதிப்பாக இருந்தது. அங்கிருந்து பழனிப் பாதையில் வளைவுக்கு வளைவு வளர்ந்து, கீழே உங்கள் கடைக்கு வந்து சேரும்போது என் ஈரலும் சிறுநீரகமும் போய்விட்டன. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

உடனே மூன்று பேரையும் கூப்பிட்டு, "எனக்கு ஒரு நோயும் இல்ல, அது பயிற்சிக்கு எழுதுனது" என்று சொன்னேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிங்க சார். நீங்க தைரியமா இருங்க, அது போதும்" என்றது தமயந்தி. வெளியே போனதும் ஞானவேல், "மனுசன் எப்பிடிச் சிரிச்ச மொகமாச் சொல்றாரு பாத்தியா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. 

அதன் பிறகு நடந்ததை உங்களிடம் மறைக்கவில்லை, மச்சான். எனக்கு அது பிடித்திருந்தது. வேலுத்தாய் பேத்துப்பாறையிலிருந்து தினமும் தூக்கில் மிளகு ரசம் கொண்டுவந்து, "வெரசாக் குடிங்க சார், சூடு போயிரும்" என்று நின்று பார்த்துவிட்டுப் போனது. ஒரு நாள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து கொடுத்தது. அக்கா ஓதி அனுப்பிய தண்ணீர் பாட்டிலோடு அதையும் மேசையில் வைத்திருக்கிறேன். மேட்டில் ஏறப்போனால் ஞானவேல் என் பையைப் பிடுங்கிக்கொள்கிறான். பள்ளங்கிக்குப் போனால் வழக்கமாக வெறும் குடத்தோடு என்னைச் சுற்றி நின்று சத்தம் போடுகிறவர்கள், இந்தத் தடவை நாற்காலி போட்டு, "நீங்க ரெஸ்ட் எடுங்க சார், தண்ணி வரும்போது வரட்டும்" என்றார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இத்தனை வருடத்தில் இந்த ஆபீஸில் என்னை ஒருவரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இப்போது என் கவலை எல்லாம் நாளைக்குத்தான். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஆளுக்கொரு பாரத்தில் மார்க் போட்டு உறையை ஒட்டிவிட்டார்கள். போடும்போது தமயந்தியின் கண் கலங்கியிருந்தது, வேலுத்தாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தது. சாகப்போகிறவனுக்கு யார் குறைத்துப் போடுவார்கள்? மூன்று பத்து நிச்சயம். பதவி உயர்வும் நிச்சயம். ஆனால் அது எனக்குப் போட்ட மார்க் இல்லை, இல்லாத என் ஈரலுக்குப் போட்டது.  ரஹ்மத்திடம் கேட்டேன். "வாங்கிட்டுப் பேசாம இருங்க, இல்லாட்டி வேணாம்னு சொல்லுங்க. நடுவுல நின்னு என் உயிர வாங்காதீங்க" என்றாள். முடிவு பண்ணிவிட்டேன். நாளைக் காலை ராஜ்மோகன் உறையைப் பிரிக்க எங்கள் ஆபீஸுக்கு வருகிறான். பிரிப்பதற்கு முன்பே எழுந்து நின்று, இது இரக்கப்பட்டுப் போட்டது, இதை ரத்து செய்யுங்கள் என்று சொல்லப்போகிறேன். நாற்காலி போனால் போகட்டும். தம்பிக்குப் பெரிய உத்தியோகம் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தால் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் சலாம். எனக்காக நோன்பு வைத்தது போதும், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்களுக்கும் உங்கள் வியாபாரத்துக்கும் ஆண்டவன் குறைவில்லாத பரக்கத்தைத் தருவானாக. மனச்சாட்சிக்குப் பயந்து நடக்கிறவன் என்று என்னைப் பற்றி நீங்கள் நினைப்பதை நாளைக்கு நான் காப்பாற்றுவேன்.

இப்படிக்கு, பூரண சுகத்துடன்,
முத்து முகம்மது

பி.கு.: திங்கள் மாலை. ஜீப்காரருக்கு இன்றைக்குப் பூண்டு ஏறவில்லை, கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. மேலே எழுதியதில் மனச்சாட்சி பற்றிய பகுதியை அக்காவிடம் படிக்க வேண்டாம். வேனையும் நிறுத்த வேண்டாம், வரட்டும், எனக்கும் நாலு பேரைப் பார்த்தால் தேவலை. காலையில் சொன்னபடி எழுந்து நின்றேன். மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். "எனக்கு எந்த நோயும் இல்ல, பயிற்சிக்கு எழுதுன தாள் தவறிப் போயிருச்சு" என்று ராஜ்மோகன் சாட்சியாகச் சொன்னேன், அவனும் ஆமாம் என்றான், அப்போதுதான் நம்பினார்கள். வேலுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டது. அதன் பிறகு, இரக்கத்தில் வந்த மார்க்கில் நாற்காலி ஏற மாட்டேன், எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள் என்று ஐந்து நிமிடம் பேசினேன், நன்றாகவே பேசினேன். ராஜ்மோகன் உறைகளைப் பிரித்துப் பார்த்தான். திரும்ப ஒரு தடவை பார்த்தான். "சார், ரத்து பண்ற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல சார்" என்றான். தமயந்தி ஐந்து, ஞானவேல் நாலு, வேலுத்தாய் மூன்று. வேலுத்தாய் கீழே பென்சிலில் எழுதியும் வைத்திருந்தது: "சார் நல்லவரு. ஆனா போன் எடுக்க மாட்டாரு. மோட்டார் பொகஞ்ச அன்னைக்குப் பதினோரு தடவ அடிச்சேன். ஒத்தயா நின்னேன்." போன ஆடி மாதம். எனக்கு ஞாபகம் இருக்கிறது, பத்தாவது தடவை நான் சத்தத்தை அணைத்தேன். எல்லாரும் போனதும் வேலுத்தாயைக் கூப்பிட்டு, "நான் சாகப் போறேன்னு நெனச்சும் மூணுதான் போட்டியாம்மா?" என்று கேட்டேன். "போகப் போற மனுசங்கிட்டப் பொய் சொன்னா பாவம்ல சார், அதான் உள்ளத உள்ளபடி போட்டேன்" என்றது. பிறகு கொஞ்சம் யோசித்து, "இப்பத்தான் நல்லா இருக்கீங்கல்ல சார், மார்க் போடுற பாரம் புதுசு இருந்தாக் குடுங்க, எட்டு ஒம்போதுன்னு போட்டுத் தாரேன்" என்றது. பாரம் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மேசை இழுப்பறையில் நாலு பாரம் கிடக்கிறது, மச்சான்.